மாற்றுக் கட்சிக் கடிகாரம்

நானுஓயா ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கடை. தேயிலைப் பொட்டலங்களுக்கு நடுவே சுவர்க்கடிகாரத்துக்குள்ளிருந்து ஓர் அரசியல்வாதி சிரித்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை லயத்துக் காம்பராவின் புகை படிந்த சுவர் நினைவுக்கு வந்தது.

அப்போது எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. மஸ்கெலியாவில் இருந்த பள்ளிக்கூடத்துக்குக் காலையில் ஒரே பஸ்தான். அப்பா இருட்டிலேயே எழுந்து, வாசலில் நின்று, வானத்தைப் பார்த்து நேரம் சொல்வார். பனிமூட்ட நாட்களில் அது தப்பும். பஸ்ஸை விட்டுவிட்டு நான் அழுதுகொண்டு திரும்புவேன்.

தேர்தல் வந்தது. ஒரு கட்சிக்காரர்கள் தங்கள் தலைவரின் படம் போட்ட கடிகாரங்களை லயத்தில் கொடுத்தார்கள். அப்பாவோ அவர்களுக்கு எதிரான தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். அவருக்கு யாரும் நீட்டவில்லை. அவரே போய்க் கேட்டு வாங்கி வந்து மாட்டினார்.

சங்கத்து ஆட்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"என்னண்ணே, அவரு மூஞ்சியில முழிக்கவா இத்தன வருசம் சங்கம் நடத்துனீங்க?"

"நான் மூஞ்சியப் பாக்கல தம்பி. எம்புள்ள முள்ளப் பாக்குது" என்றார் அப்பா.

அடுத்த கூட்டத்திலேயே தலைவர் பதவியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் அதன்பிறகு பஸ்ஸைத் தவறவிடவில்லை. இன்று அதே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன்.

கடை வாசலில் நின்றபடியே அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"பதவி போனப்ப உங்களுக்குக் கவலையா இல்லியாப்பா?"

"இருந்துச்சும்மா. காலையில நீ பஸ் ஏறிக் கைய காட்டுவல்ல, அப்பவே அது மறந்துபோயிரும்."