நாலு செடி

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் துறையின் ஆய்வக உதவியாளர் காஜா முகைதீன். செடிகளைச் செய்தித்தாளில் விரித்து, பலகைகளுக்கு நடுவே இறுக்கிக் கட்டி உலர்த்துவது அவர் வேலை. ஒரு இலைகூட மடங்காது.

1995 ஐப்பசியில் பேராசிரியை ஜயலக்ஷ்மியோடு காரையாறு அணைக்கு மேலே மழைக்காட்டுக்குப் போனார். பெருமரங்களின் இருட்டுக்குள், இடுப்புயரத்தில் நாலு செடிகள் நின்றன. இலையடியில் நீலநீலமாகக் காய். காப்பிக் குடும்பம் என்றுமட்டும் ஜயலக்ஷ்மிக்குத் தெரிந்தது. ஒரே ஒரு கிளை போதும் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. காலெல்லாம் அட்டை. கல்கத்தா, கோயம்புத்தூர் என்று வெளியூர்த் தாவரக் காப்பகங்கள் கேட்டால் இடத்துக்கு ஒன்று அனுப்பலாமே என்று காஜாவுக்குத் தோன்றியது. ஈர மண், இழுத்ததும் வேரோடு வந்தது. நாலையும் பிடுங்கிக் கட்டிவிட்டார்.

ஜீப்பில் ஜயலக்ஷ்மி கேட்டார்: "மத்ததெல்லாம் அங்கேயே நிக்கறதோல்லியோ?"

"நிக்கி, அம்மா."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கே விளங்கவில்லை. கல்லூரிக்கு வந்ததும் ஒரு கிளையைமட்டும் வெட்டிக் கொடுத்துவிட்டு, மீதியை அலமாரிக்குப் பின்னால் ஒளித்தார்.

அந்தக் கிளை எந்தப் புத்தகத்தோடும் பொருந்தவில்லை. யாருமே பெயர் வைக்காத செடியாக இருக்கலாம், பூவைப் பார்த்தால்தான் உறுதியாகும் என்று ஜயலக்ஷ்மி பூரித்துப்போனார். வைகாசியில் மறுபடி கிளம்பினார்கள்.

இரண்டு நாள் தேடினார்கள். யானை மிதித்ததோ, ஓடை அரித்ததோ என்று முட்டிவலியோடு பாறை பாறையாக ஏறி இறங்கினார் அந்த அம்மாள். காஜாவும் புதரை விலக்கி விலக்கிப் பார்த்தார். மதியம், கட்டுச்சோற்றில் பாதியைக் காஜாவின் இலையில் அந்த அம்மாள் வைத்தபோது, அவர் இலையைத் தள்ளிவைத்தார்.

"தேடாதீங்க அம்மா. நாலையும் நாந்தான் பிடுங்கினேன். பொய் சொல்லிட்டேன்."

ஜயலக்ஷ்மி சோற்றுப் பொட்டலத்தை மூடினார். பிறகு, சுற்றுவட்டத்தில் வேறு நிற்கிறதா பார்ப்போம் என்று எழுந்தார். எங்குமே இல்லை.

ஊர் திரும்பியதும், ஒளித்ததை எடுத்துவரச் சொல்லி, தாளில் ஒட்டவைத்து, சீட்டையும் அவரையே எழுதச் சொன்னார். இடம், நாள், நாலும் வேரோடு எடுக்கப்பட்டவை. எடுத்தவர் என்ற இடத்தில் காஜாவின் கை நின்றது.

"உங்க பேரை எழுதுங்கோ."

எழுதினார். செடியின் பெயர் என்ற இடம் காலியாகவே கிடந்தது.

ஜயலக்ஷ்மி ஓய்வுபெற்ற பிறகும், வருஷந்தோறும் வைகாசியில் வனத்துறை அனுமதி வாங்கி வேறு ஆசிரியர்களோடு காஜா மேலே போய்வந்தார். அந்த நீலக்காய் கண்ணில் படவேயில்லை. ஒருநாள் நிலோஃபர் என்ற மாணவி அந்தத் தாளில் அவர் பெயரைப் பார்த்துவிட்டு, "இது நீங்க கண்டுபிடிச்சதா அண்ணாச்சி?" என்று பெருமையாகக் கேட்டாள்.

"இல்லைம்மா. பிடுங்கினது" என்றார்.