ஊசியும் உறங்கிய செல்களும்

என் மனைவி சாந்திக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. குறை என்னுடையது, நானே ஊசி போட்டு வரவழைத்தது. இன்றுவரை அவளுக்குத் தெரியாது. உங்களிடம் சொல்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து எல்லை தாண்டிக் கழக்கூட்டத்துக்கு வேலைக்கு வந்தபோது நான் ஒல்லிக்குச்சி. கல்யாணமானதும் ஜிம்மில் சேர்ந்தேன். அங்கே ஒருவன் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் பழக்கிவிட்டான். கை திரண்டது, பழைய சட்டைகள் தெறித்தன. கண்ணாடியை விட்டு நகர மனமில்லை... அற்பம்தான், ஆனால் என்ன ஒரு சந்தோஷம்!

குழந்தை மட்டும் வரவில்லை.

"உங்களப் பாத்தா யாரு குறை சொல்லுவா? எனக்குத்தான் என்னவோ," என்று சிரித்தபடியே சாந்தி ரத்தம் கொடுத்தாள், ஸ்கேனுக்குப் படுத்தாள், மாத்திரை விழுங்கினாள். நான் பைக்கில் கொண்டுபோய் விட்டேன். என் பங்கு அவ்வளவுதான்.

ஒருவழியாக என்னையும் சோதித்தார்கள். விந்தணு அறவே இல்லை. சாந்தி வெளியே இருந்தாள். டாக்டர் என் புஜத்தைப் பார்த்தார்.

"ஊசி உண்டல்லே?"

தலையசைத்தேன்.

மலையாளம் கலந்த தமிழில் விளக்கினார். ஆண் ஹார்மோனைச் சுரப்பவை விரையிலுள்ள லெய்டிக் செல்கள். கருவிலேயே ஒரு தலைமுறை செல்கள் வேலை செய்து ஓயும். பருவ வயதில் புதிய தலைமுறை வரும். மூளையடியிலுள்ள சுரப்பி உத்தரவிட்டால்தான் அவை சுரக்கும்.

"நீங்க வெளியிலிருந்து குத்தினா, சரக்கு தாராளம்னு அது உத்தரவ நிறுத்தும். செல்லெல்லாம் உறங்கும், விரைக்குள்ள ஹார்மோன் வத்தும். பின்னே விந்தணு எங்ஙன வரும்?"

"செத்துப்போச்சா, டாக்டர்?"

"இல்ல, உறக்கந்தான். ஊசிய நிறுத்துங்க. மிக்கவாறும், அநேகமா, எழும்பும், காலம் எடுக்கும். வீட்ல சொல்லணும், கேட்டோ."

நிறுத்தினேன். சொல்லவில்லை. "எல்லாம் நார்மல்" என்றேன் சாந்தியிடம். அவள் மாத்திரையைத் தொடர்ந்தாள்... எப்படி என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது?

கை மெலிந்தது. சோர்வு, காரணமற்ற எரிச்சல். வேலைப்பளு என்றெண்ணி அவள் மீன்குழம்பு வைத்துத் தேற்றினாள். செல்கள் மெல்ல விழித்திருக்க வேண்டும். இப்போது எங்கள் மகள் என் மீசையைப் பிடித்துத் தொங்குகிறாள், வீடே அமளி.

போன வாரம் சாந்தியின் தங்கை போனில் அழுதாள். அவளுக்கும் குழந்தை தள்ளிப்போகிறது.

"பயப்படாத மக்கா. எனக்கும் கோளாறு இருந்துல்லா? மருந்து சாப்பிட்டேன், சரியாயிட்டு," என்றாள் சாந்தி.

எனக்குத் தாங்கவில்லை. "அவ மாப்பிள்ளையையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லு," என்றேன்.

சாந்தி போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"எதுக்கு? அவரு உங்கள மாதிரி நல்லாத்தான இருக்காரு?"