பென்சில் தடவிய முகம்

தாராவி மெயின் ரோட்டில் இருந்த போட்டோ ஸ்டூடியோவின் வாசலில், தெருவைப் பார்த்தபடி ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். அதற்குள் இருந்த படங்களுக்கு நடுவே என் தம்பி கோட்டுப் போட்டு, டை கட்டி, கன்னத்தில் ஒரு விரல் வைத்து, எங்கோ மேலே பார்த்துக்கொண்டிருந்தான். கோட்டு ஸ்டூடியோவுடையது. டையும் அவர்களுடையதுதான். முகமும் அவர்களுடையது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் எல்லாருமே நல்ல கருப்பு. பெட்டிக்குள் இருந்தவன் பால்கோவா நிறத்தில் இருந்தான்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. தம்பிக்கு அப்போது பதினாறு வயது. அப்பா போனபிறகு அவனை ஊரிலிருந்து கூட்டிவந்து மாட்டுங்காவில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது நான்தான். நான் மூன்றாம் வகுப்போடு சிலேட்டைத் தூக்கிப் போட்டவன். ஆனால் மீசை சரியாக முளைப்பதற்குள் தாராவியில் பெல்ட்டும் பையும் தைக்கிற சொந்தப் பட்டறை போட்டுவிட்டேன். என் கையில் ஒரு தோலைக் கொடுத்தால் எருமையா பசுவா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இன்றைக்கும் சொல்வேன், சந்தேகம் இருந்தால் கண்ணைக் கட்டிவிட்டுப் பாருங்கள்.

பண்டிகை வந்தால் எங்கள் ஆட்கள் ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். தோலைப் பதனிடுகிற ஷாப்பில் முழங்கால் அளவு அழுக்குத் தண்ணீரில் நிற்கிறவன்கூட, படத்தில் கோட்டோடுதான் ஊர்போய்ச் சேருவான். அந்த வழக்கப்படிதான் தம்பியையும் எடுக்கச் சொன்னேன். ஒரு காப்பியை, ஊருக்குப் புறப்பட்ட சித்தப்பாவிடம், எங்களைப் பெற்ற அம்மைக்கென்று கொடுத்துவிட்டேன். இன்னொரு காப்பி அழகாக இருக்கிறது என்று ஸ்டூடியோக்காரர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்.

அதிலிருந்து தம்பிக்குப் பிடித்தது சனி. வருகிற போகிற பெண்பிள்ளைகள் நின்று பார்த்தார்கள், ‘யாருடி இந்த ஹீரோ?’ என்று பேசிக்கொண்டார்கள். பக்கத்திலேயே நின்ற அவனை ஒருத்திக்கும் அடையாளம் தெரியவில்லை. கூடப் படிக்கிற பயல்களுக்கோ நல்ல வேட்டை. “சலாம், ஹீரோ சாப்! ஏலே, உள்ள இருக்கவன் உனக்கு அண்ணனா தம்பியா? ரெண்டு பேருக்கும் ஒரே அப்பன்தானா?” என்பார்கள். இவன் மைதானத்துக்குப் பந்து விளையாடப் போவதை நிறுத்தினான், வெயில் படுமாம். கூரை நிழல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நடந்தான். பவுடர் டப்பா வாரத்துக்கு ஒன்று காலியாயிற்று. சினிமாப் பத்திரிகையிலிருந்து வெட்டிய முகங்களைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை ஒரு கையிலும் அவற்றை ஒரு கையிலும் பிடித்துப் பார்ப்பான். வயசு அப்படி என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பத்திரிகை ஒன்றில் புதுமுகம் தேவை என்று போட்டிருந்ததைப் பார்த்து, எனக்குத் தெரியாமல் இன்னும் ஒரு காப்பி வாங்கி அனுப்பியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அந்தேரிக்கு நேரில் வரச்சொல்லிப் பதில் வந்தது. வேறு பையனாக இருந்தால் குதித்திருப்பான். இவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் கூப்பிட்டது படத்தில் இருந்தவனை அல்லவா? போய் நிற்கப்போவது இவன்.

என் பட்டறைக்குப் பின்பக்கம் ஒரு தோல்ஷாப்பு. அங்கே சுண்ணாம்புத் தொட்டியில் கருப்பாகப் போடுகிற தோல், ஊறிக் கிடந்து, முடியெல்லாம் கழன்று, வெள்ளை வெளேரென்று வெளியே வரும். அதை அவன் தினமும் பார்த்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை மத்தியானம் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் அந்தச் சுண்ணாம்பை அள்ளிக்கொண்டு போய், மறைவில் உட்கார்ந்து முகத்தில் பூசிவிட்டான்.

அவன் அலறிய அலறலில் கையிலிருந்த கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு குழாயடிக்குப் போனேன். ஒரு குடம் முன்னே பின்னே ஆனால் முடியைப் பிடித்து உருளுகிற பெண்கள்தான் அங்கே வரிசையில் நின்றார்கள். அவர்களே பிடித்து வைத்திருந்த தண்ணீரையெல்லாம் குடம் குடமாக அவன் முகத்தில் ஊற்றினார்கள். அந்தத் தண்ணீர்தான் கண்ணைக் காப்பாற்றியது என்று சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்.

டாக்ஸியில் என் மடியில் கிடந்தபடி அவன் கேட்டான்: “அண்ணே, எருமைத் தோலே வெளுக்குதே?”

“அது செத்த எருமைலே. நீ உயிரோட இருக்கவம்லா” என்றேன்.

மறுநாள் ஸ்டூடியோக்காரரின் சட்டையைப் பிடித்தேன். என் கைப்பிடி அந்தக் காலத்தில் தாராவி முழுக்கப் பிரசித்தம். அவர் திமிறவில்லை. கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். “அண்ணாச்சி, நீங்களே பாருங்க. இதுல ஒருத்தனாவது கருப்பா இருக்கானா? நெகட்டிவ்ல பென்சில் வச்சுத் தடவி வெளுக்க வைக்கலேன்னா படத்தை என் மூஞ்சியிலேயே வீசிட்டுப் போறாங்க. உங்க படத்துக்கும் தடவுனேன். நீங்க ஒண்ணும் சொல்லலியே?”

பிடியை விட்டுவிட்டேன். யாரை அடிக்க? இப்போது செம்பூரில் நான் வாங்கிய வீட்டில், என் பேத்தி சோபாவில் சுருண்டு படுத்துக்கொண்டு போனில் தன் முகத்தைத் தானே விரலால் தேய்த்து வெளுக்கவைக்கிறாள். அதற்கு ஸ்டூடியோக்காரரும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம். படத்தை யாரும் மெச்சவில்லை என்றால் சாப்பிடாமல் எழுந்து போய்விடுகிறாள். மருமகள் அவளைத் திட்டுவாள். ‘திட்டாதே தாயி, அவள் ஏற்கெனவே போதுமான அளவு தன்னைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்’ என்பேன். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். முகமெல்லாம் கட்டோடு கிடந்த ஒரு பையனின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தும் சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். எவ்வளவோ பேசிப் பார்த்தேன். பத்து வியாபாரியை மடக்குகிற வாய் எனக்கு, அவனிடம் எடுபடவில்லை. அப்போதுதான் ஊரிலிருந்து சித்தப்பா திரும்பி வந்தார். உட்காருவதற்கு முன்பே பெட்டியைத் திறந்து, நான் கொடுத்தனுப்பிய படத்தை வெளியே எடுத்தார்.

“மதினி இதை வாங்கிக்கிட மாட்டேன்னுட்டா. ‘கொழுந்தனாரே, இது யாரு வீட்டுப் பிள்ளை? நல்லாத்தான் இருக்கான். எம் பிள்ளை படம் எங்க?’ன்னு கேக்கா. இதுதாம் மதினின்னு தலையில அடிச்சுச் சொல்லுதேன். ‘நான் பெத்தது எனக்குத் தெரியாதா? பெத்தவ தேடிக்கிட்டு இருப்பா, கொண்டுபோய் உரியவகிட்டக் குடுத்துருங்க. எம் புள்ளையை அனுப்பச் சொல்லுங்க, பாத்து வருசமாச்சு’ன்னு ஒரே அழுகை.”

தம்பி சுவர்ப்பக்கமிருந்து திரும்பினான். சிரிக்கப் போனான், கட்டு இழுத்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த ஒற்றைக் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது.

கட்டைப் பிரித்தபோது, இடது கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய திட்டு நின்றுவிட்டது. ஸ்டூடியோவுக்கு அவனே முன்னால் நடந்தான், நானும் சித்தப்பாவும் பின்னால் போனோம். பட்டப்பகல், நடுரோடு. ஸ்டூடியோக்காரர் ஆணியிலிருந்து கோட்டை எடுத்தார், தம்பி வேண்டாம் என்று தலையை ஆட்டினான். சட்டைக் காலரை மட்டும் சரிசெய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். அவர் கேமராவுக்குப் பின்னால் போய், மனசு கேட்காமல் மறுபடியும் வெளியே வந்தார்.

“தம்பி, அந்தக் கன்னத்தை மட்டும் லேசாத் தடவிக் குடுத்துருதேனே?”

“ஒண்ணையும் தொடாதீங்க அண்ணாச்சி,” என்றான் அவன். “அம்மைக்கு என்னைத் தெரியணும்.”