போடாமல் விட்ட அட்டை

என் தங்கையின் வலது கைச் சுண்டுவிரல் நேராக இருக்காது. நகமும் பாதிதான் முளைத்திருக்கும். அந்தக் கையோடுதான் அவள் தொலைக்காட்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான்.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எங்கள் தெருவில் முதலில் டிவி வாங்கியவர் எதிர்வீட்டு ரோஜாக்காரர். மாடி முழுக்கத் தொட்டி வைத்து ரோஜா வளர்ப்பதால் அந்தப் பெயர். தெருப் பிள்ளைகள் எல்லாம் அவர் வீட்டு ஜன்னலில்தான் தொங்குவோம். ஒருநாள் பொம்மை நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோது எழுந்து வந்து ஜன்னல் கதவை ஓங்கிச் சாத்தினார். என் தங்கையின் விரல் நடுவில் மாட்டிக்கொண்டது. "மாமா, விரல்! மாமா, விரல்!" என்று அவள் அலறினாள். "பாத்தது போதும், நாளைக்கு வா" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. நான்தான் கதவை நெம்பி விரலை எடுத்தேன். அப்பா போய்க் கேட்டதற்கு, "திருட்டுத்தனமா பாத்தா அப்படித்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார். அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார். தங்கை அன்று அழுகையை நிறுத்தியவள்தான். அப்புறம் அதற்காக அழுது நான் பார்த்ததில்லை.

நிலையத்தில் அவளுக்குத் தடங்கல் அட்டை வேலை. அந்தக் காலத்தில் பல நிகழ்ச்சிகள் நேரடியாகவே போகும். பேசுகிறவர் திணறினால் தயாரிப்பாளர் கையைத் தூக்குவார். இவள் சுவிட்சைத் தட்டினால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை திரையில் வந்து நிற்கும். வீட்டில் இருப்பவர்கள் அந்த அட்டையைத் திட்டித் தீர்ப்பார்கள். அது மானத்தை மறைக்கிற துணி என்பது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். தங்கை யாருக்கும் அதைத் தாமதமாகப் போர்த்தியதில்லை. வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு இன்றோ நாளையோ என்றிருந்தது.

அந்த நேரம் பார்த்து, ரோஜா வளர்ப்பைப் பற்றிப் பேச ரோஜாக்காரரை நிலையத்துக்கு அழைத்தார்கள். அவர் தெருவையே தன் வீட்டுக்கு வந்து பார்க்கச் சொன்னார். எங்கள் வாசலுக்கும் வந்தார்.

"உன் தங்கச்சி அங்கதானே இருக்கா? என் முகம் பளிச்சுனு தெரியுற மாதிரி பாத்துக்கச் சொல்லு."

"கவலையே படாதீங்க மாமா, எல்லாரும் நல்லா பாப்பாங்க" என்றாள் தங்கை உள்ளேயிருந்து.

அவர் போனதும், "ஏண்டி, வேலை போயிடாதே?" என்று கேட்டேன்.

"போனா போகுதுக்கா."

நிகழ்ச்சி அன்று சாயங்காலம் முதல்முறையாக ரோஜாக்காரர் வீட்டு ஹாலுக்குள் உட்கார்ந்தேன். டிவிக்கு ஒட்டினாற்போல் இடம் பிடித்துக்கொண்டேன். முதலில் பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். அப்புறம் கால்நடை மருத்துவர் வந்து மாட்டின் குளம்பு நோயைப் பற்றி விஸ்தாரமாகப் பேசினார். "இவர் எப்ப முடிப்பார்?" என்று ரோஜாக்காரர் மனைவி தவித்தாள். "பொறுங்கத்தை, மாட்டுக்கு அப்புறம்தான் மாமா" என்றான் மூலைவீட்டுத் தையற்காரன். ஹாலே சிரித்தது. செய்தி வந்தது, வயலின் வந்தது, பிறகு அவர் வந்தார். முகத்தில் பவுடர், கையில் ரோஜாத் தொட்டி.

"ரோஜாச் செடிக்கு..." என்று ஆரம்பித்தார். "செடிக்கு..." என்றார். மறுபடியும் "செடிக்கு..." என்றார். அடுத்த வார்த்தை வரவில்லை. வியர்வையைத் துடைத்தார். பவுடர் ஒரு கன்னத்தில் மட்டும் போனது. தொட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

அதே நேரத்தில் நிலையத்தில் நடந்ததைத் தங்கை பிறகு சொன்னாள். தயாரிப்பாளர் கையைத் தூக்கியிருக்கிறார்.

"அட்டையப் போடும்மா!"

"விரல் மடங்க மாட்டேங்குது சார்."

"இன்னொரு கை இருக்குல்ல?"

"அது நடுங்குது சார்."

திரையில் அவர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். "போதும்... நிறுத்துங்களேன்" என்றார். அவர் மனைவி டிவியை அணைக்க ஓடிவந்தாள். நான் எழுந்து டிவியின் திருகுக் குமிழை மறைத்து நின்றேன்.

"இருங்கத்தை. மாமா இப்ப சொல்லிடுவார்."

தயாரிப்பாளரே தாவி வந்து அட்டையைப் போடுவதற்குள் தொட்டி சரிந்து மண் முழுக்க அவர் சட்டையில் கொட்டிவிட்டது. மறுநாள் முதல் தெருப் பிள்ளைகளுக்கு அவர் 'செடிக்கு மாமா'. இன்றைக்கும் அதே பெயர்தான்.

நிரந்தர உத்தரவு வரவில்லை. பழைய ஒளிநாடா அலமாரிகளைத் தூசி தட்ட அனுப்பிவிட்டார்கள். "வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன். "வருந்துறதுக்குத்தான் அட்டை இருக்கே. நான் எதுக்குக்கா வருந்தணும்?" என்றாள்.

ஒருநாள் ரோஜாக்காரர் எங்கள் ஜன்னலருகே வந்து நின்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஒரு அட்டையைப் போட்டிருக்கலாமேம்மா. நான் உனக்கு என்ன செஞ்சேன்?" என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது.

தங்கை சுண்டுவிரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவர் உற்றுப் பார்த்தார். "என்னம்மா இது, ஏதாவது அடிபட்டுச்சா?" என்றார்.

நீட்டிய விரலை அவள் இழுத்துக்கொண்டாள். பிறகு ஜன்னல் கதவில் கை வைத்தாள்.

"விரலை எடுங்க மாமா," என்றாள். "சாத்தணும்."

அவர் எடுக்கும்வரை காத்திருந்துதான் சாத்தினாள்.