பீளமேட்டிலிருந்து உடுமலைக்கு, பையில் அறுபது மார்ஃபின் மாத்திரைகளோடு

அமராவதி அணை, திருமூர்த்தி மலை என்று சுற்றிவிட்டு வந்து எழுதுவதுதான் என் வழக்கம். இது அப்படிப்பட்ட பயணம் இல்லை. போன புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வலி மாத்திரை வாங்குவதற்காகக் கோவைக்குப் போய்வந்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள் இணையத்தில் தேடிப் பார்த்தேன். மார்ஃபினை எங்கே வாங்குவது, எப்படிக் கொண்டுவருவது என்று தமிழில் ஒருவரும் எழுதியிருக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மாத்திரை என் அக்கா மல்லிகாவுக்கு. வயது நாற்பத்தாறு, உடுமலையில் தையல் கடை வைத்திருந்தவர். மார்பில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. இடையில் வலி பொறுக்க முடியாவிட்டால் கூடுதலாக ஒன்று கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அந்த வாரம் கூடுதல் மாத்திரைகள் நிறையவே தேவைப்பட்டதில், நான்கு நாள் முன்னதாகவே தீரும் நிலைக்கு வந்துவிட்டன. உடுமலையில் ஏழு மருந்துக் கடைகளில் கேட்டேன். ஒருவர் மட்டும் காரணம் சொன்னார்: "அதுக்குத் தனி லைசென்ஸு, ரெஜிஸ்டரு, செக்கிங்குனு ஆயிரம் இருக்குங்க. ஒரு மாத்திர கணக்குல கொறஞ்சா நாந்தான் உள்ள போகோணும். நமக்கு ஆகாதுங்க."

காலை 6.10 பேருந்தைப் பிடித்தேன். உடுமலையிலிருந்து பொள்ளாச்சி வழியாக உக்கடம் எழுபது கிலோமீட்டர், கட்டணம் 62 ரூபாய். 8.25க்கு இறங்கி, டவுன் பஸ்ஸில் பீளமேடு போய்ச் சேர 9.15 ஆனது. அங்குள்ள ஒரு மருத்துவமனையில் வலி தணிப்புப் பிரிவு இருக்கிறது. டாக்டர் சீட்டு, அக்காவின் ஆதார், என் ஆதார், பழைய காலி மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் சரிபார்த்தார்கள். நான்கு இடத்தில் கையெழுத்து. நர்ஸ் அறுபது மாத்திரைகளை என் கண் முன்னால் இரண்டு முறை எண்ணிக் கொடுத்தபோது மணி 11.40. அக்காவின் கடைசி மாத்திரை காலை பத்து மணிக்கு என்று ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருந்தேன். அடுத்தது இரண்டு மணிக்கு வேண்டும். மூன்றுக்குள்ளாவது போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன்.

உக்கடத்தில் 12.50க்குப் பேருந்து கிளம்பியது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாத்திரைகள் விழுந்துவிட்டனவா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பையைத் திறந்து பார்த்தேன். நடைபாதைக்கு அந்தப் பக்க இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. கிணத்துக்கடவு தாண்டும்போது அவர் கேட்டார்.

"ஏனுங் தம்பி, அது என்னங்க அவ்வளவு மாத்திர?"

"வலிக்குங்க. எங்கக்காளுக்கு."

"எம்பையனும் அப்படித்தானுங்க சொன்னான். வலிக்குன்னு."

அவர் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அது அவருக்குச் சந்தேகத்தைத்தான் கூட்டியிருக்கும்.

1.35க்குச் சாலையில் போலீஸ் சோதனை. கஞ்சா, போதை மாத்திரை தேடுகிறார்கள் என்றார் நடத்துநர். ஒரு போலீஸ்காரர் உள்ளே ஏறியதும் அந்த அம்மா எழுந்து என்னைக் கை காட்டினார். "சார், இந்தத் தம்பி பையில கட்டுக்கட்டா மாத்திர இருக்குதுங்க."

என்னைக் கீழே இறக்கினார்கள். பார்த்ததைச் சொல்லச் சொல்லி அவரையும் இறக்கினார்கள். பேருந்து போய்விட்டது. எஸ்.ஐ. சீட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தார். கோபமாகப் பேசவில்லை. ஆனால் 'மார்ஃபின்' என்ற சொல்லைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. சீட்டில் இருந்த மருத்துவமனை எண்ணுக்கு அடித்தார். சாப்பாட்டு நேரம், யாரும் எடுக்கவில்லை. மணி இரண்டைத் தாண்டியது. "வீட்டு நம்பர் சொல்லுங்க" என்றார்.

அக்கா மகள் திவ்யா எடுத்தாள். எஸ்.ஐ. ஸ்பீக்கரில் போட்டார். அவர் பேசுவதற்கு முன்பே அவள், "மாமா, எங்க இருக்கீங்க? அம்மாவால முடியலீங்க மாமா" என்றாள். அவள் குரலுக்குப் பின்னால் அக்காவின் குரல். அழுகை என்று சொல்ல முடியாது. மாடு கன்று போட முடியாமல் தவிக்கும்போது எழும் சத்தம் போல இருந்தது.

எஸ்.ஐ. போனை அணைத்தார். சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு, மாத்திரைகளை என் கையில் கொடுத்தார். "போங்க. அடுத்த பஸ்ஸ நானே நிறுத்தித் தரேன்."

பேருந்துக்காக நின்றபோது அந்த அம்மா பக்கத்தில் வந்தார். "தப்பா நெனச்சுப்போட்டனுங்க தம்பி." எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அவர் மகன் பீளமேட்டில் பொறியியல் படித்தவன். வலி மாத்திரையைப் போதைக்குப் போட ஆரம்பித்து, படிப்பு நின்று, இப்போது கோவையில் மறுவாழ்வு மையத்தில் இருக்கிறான். அவனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். "இந்த மாதிரி மாத்திரயே நாட்டுல இருக்கப்படாதுன்னு கலெக்டராபீசுல மனு குடுத்தவ நானு."

"மொத்தமா நிறுத்திப்போட்டா எங்கக்கா என்னங்க பண்ணும்?"

"தாராளமாத் தொறந்து உட்டா எம்பையன் என்னங்க பண்ணுவான்?"

பிறகு அவரே சொன்னார்: "அவனுக்கு வித்தவன் சீட்டும் கேக்கல, வயசும் கேக்கலீங்க."

"எங்கிட்ட நாலு கையெழுத்து வாங்குனாங்க. வாங்கட்டும். அதை உடுமலையிலயே வெச்சு வாங்குனா என்னங்க?"

"வெச்சா, அங்கிருந்தும் எவனாச்சும் வெளிய வித்துப்போடுவான்" என்றார். பஸ்ஸில் ஏறும்போது, "ஆனா, போன்ல உங்கக்கா சத்தத்தக் கேட்டனுங்க" என்றார். பொள்ளாச்சியில் இறங்கும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

வீடு சேர 4.20. அக்கா துண்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மாத்திரை கொடுத்து நாற்பது நிமிடம் கழித்துத்தான் தாடை தளர்ந்தது. "ஏண்டா இத்தன நேரம்?" என்றார். பஸ் லேட் என்றேன்.

போகிறவர்களுக்கு: மாத்திரை தீர ஐந்து நாள் முன்பே கிளம்புங்கள். சீட்டில் நோயாளி பெயர், டாக்டர் முத்திரை, தேதி மூன்றும் தெளிவாக இருக்கட்டும். இரண்டு நகல் தனியாக வையுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்திலும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண்ணை அந்தப் பிரிவில் கேட்டு வாங்குங்கள். பேருந்தில் பையைத் திறக்காதீர்கள். வீட்டில் பூட்டி வையுங்கள், மிச்சமானால் திருப்பிக் கொடுங்கள்.

போதை தரக்கூடிய மருந்துகளுக்குத் தடையா, அனுமதியா என்று முன்பெல்லாம் டீக்கடையில் சத்தமாகப் பேசுவேன். இப்போது குரல் எழும்புவதில்லை. எங்கள் ஊரிலும் இந்த மாத்திரை கிடைக்க வேண்டும், அதே கண்டிப்போடு கிடைக்க வேண்டும் என்பதுவரை தெரிகிறது. அதற்கு மேல் பயம்தான் இருக்கிறது.

போன ஞாயிறு திவ்யாவின் கல்லூரி நண்பர்கள் மூன்று பேர் அக்காவைப் பார்க்க வந்தார்கள். நல்ல பிள்ளைகள், ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார்கள். அவர்கள் போனதும் நான் பீரோவைத் திறந்து மாத்திரைகளை எண்ணினேன். சரியாக இருந்தன. எண்ணியதற்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் காலையிலும் எண்ணினேன்.