ஜெயசுதா நம்பாத கோடு

சின்னசேலம் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரின் போனை ஜெயசுதா மறுபடியும் எட்டிப் பார்க்கிறாள். "இன்னாம்மா, எம் போன்ல இன்னா பாக்குற?" என்று அவர் போனை மார்போடு அணைத்துக்கொள்கிறார். அவர் யாருக்கு என்ன எழுதுகிறார் என்பது அவளுக்கு வேண்டாம். வரிக்கு நடுவே எத்தனை புள்ளி வைக்கிறார் என்பதுதான் வேண்டும். நான்கு. நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்கிறாள்.

நைனார்பாளையத்து மரவள்ளி விவசாயிகளுக்காக இணையத்தில் ஒரு விக்கி நடத்துகிறாள். யார் வேண்டுமானாலும் போனிலேயே எழுதலாம், திருத்தலாம். தலைப்புக்கு எந்தக் குறியீடு, தடித்த எழுத்துக்கு எது, வேண்டாத வரியைக் கோடிட்டு அடிக்க எது என்று விதி வகுப்பவளும் அவளே. முதலில் வரிக் கடைசியில் இரண்டு புள்ளி வைத்தால் தலைப்பு என்றாள். மூச்சுக்கு மூச்சு இரண்டு புள்ளி வைக்கிற ஊர் இது. ஒரே நாளில் "உரம் வந்துச்சா.." என்பதெல்லாம் கொட்டை எழுத்துத் தலைப்பாகி நின்றது. அன்றிலிருந்து கமாவைக்கூட ஏற இறங்கப் பார்க்கிறாள். "இதுங்க சும்மா இருக்கற மாதிரிதான் இருக்கும். எப்ப காலை வாரும்னு தெரியாது" என்பாள்.

போன மாதம் ஒன்று வாரியது. கூலிக்கு மரவள்ளி நடுகிற ராஜாம்பாள், மாவுப்பூச்சி விழுந்த குச்சியை நடாதீர்கள் என்று விக்கியில் எழுதினாள். முக்கியமான பேச்சாயிற்றே என்று முன்னும் பின்னும் இரண்டிரண்டு சிறுகோடு போட்டாள். ஜெயசுதாவின் விதிப்படி அது அடித்தல். வரியின் குறுக்கே கோடு ஓடியது. தப்பான யோசனை போலிருக்கிறது என்று இரண்டு பேர் அதே குச்சியை நட்டுவிட்டார்கள்.

ராஜாம்பாள் ஜெயசுதாவின் வீட்டுக்கே வந்துவிட்டாள். "உங்க அப்பா எழுதுனது அப்படியே இருக்குது. கூலிக்காரி எழுதுனத மட்டும் அடிச்சிக்கினு இருக்கீங்க. யாரு சொல்லி அடிச்சீங்க?"

"யாரும் அடிக்கலக்கா. அந்தக் கோடு தானா வந்துச்சு."

"அது எப்படிங்க, எங்களுக்கு மட்டும் தானா வரும்?"

ஜெயசுதாவுக்கு வெட்கமாகப் போயிற்று. ஊரிலுள்ள விரலையெல்லாம் சந்தேகப்பட்டவள், தான் வகுத்த விதியைச் சந்தேகப்பட்டதில்லை. அங்கேயே உட்கார்ந்து அடித்தல் விதியை அடியோடு எடுத்தாள். "இப்ப எழுதிப் பாருங்கக்கா."

ராஜாம்பாள் அதே வரியை அதே சிறுகோடுகளோடு எழுதினாள். வரி முழுசாக நின்றது. அவள் நம்பவில்லை. "எங்க, உங்க போன்லயும் காட்டுங்க."

இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டைவிரல் நகத்தால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக்கொண்டே போனாள். பஸ்ஸில் போன் போனாக எட்டிப் பார்க்கிற ஜெயசுதா, அந்த நகம் கடைசி எழுத்துக்குப் போய்ச் சேரும்வரை தலை நிமிரவில்லை.