புடலங்காய் சாப்பிடாத ஆட்கள்

என் மகளுக்கு ஒரு வயது முடிந்ததும் முதல் மொட்டை போட வேண்டும் என்று மாமனார் வீட்டில் பேச்சு எழுந்தது. "உங்க குலதெய்வம் எங்க இருக்குது?" என்று மாமியார் கேட்டார். நான் நைனாவைப் பார்த்தேன். நைனா மின்விசிறியைப் பார்த்தார்.

செஞ்சி கடைத்தெருவில் நான்கு தலைமுறையாகப் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். அதற்கு முன்னால் எங்கிருந்தோம் என்று வீட்டில் யாரும் பேசியதில்லை. தெருவில் பாதிப்பேர் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போவார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நாங்களும் போய்க் கும்பிட்டு வருவோம்.

அன்றைக்கு விடாமல் கேட்டதில் நைனா வாயைத் திறந்தார். "அவலூர்பேட்டைக்கு அந்தாண்ட ஏதோ ஒரு ஊரு. ஏரிக்கரையில அம்மன். தாத்தா அங்க சண்டை போட்டுக்கினு இங்க வந்துட்டாராம். எதுக்குன்னு எங்க நைனாவைக் கேட்டேன், முறைச்சாரு. அதோட விட்டுட்டேன்."

திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "ஏரி இல்லாத ஊர் எதுடா அங்க இருக்குது?" என்று சிரித்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். இரண்டு ஞாயிறு அலைந்தோம். ஓர் ஊரில் மோர் கொடுத்து அனுப்பினார்கள். இன்னோர் ஊரில் வீட்டுக்குள் கூப்பிட்டு, பாய் விரித்து, கேசரி வைத்தார்கள். கேசரி பாதி காலியான பிறகுதான் பெண் பார்க்க வந்தவர்கள் என்று எங்களை நினைத்திருப்பது தெரிந்தது. மீதியையும் சாப்பிட்டுவிட்டே எழுந்தோம்.

மூன்றாவது ஞாயிறும் ஒன்றும் கிடைக்காமல் அவலூர்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது அக்கா காய் வாங்கினாள். காய்க்கார அம்மா கொசுறாக ஒரு புடலங்காயைப் பையில் போட்டதும் அக்கா பதறிப்போய் எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாம்மா. நாங்க அத சாப்புட மாட்டோம்."

கல்யாணமாகிப் பதினைந்து வருடமாகியும் அவள் அதைத் தொடுவதில்லை. எங்கள் வீட்டு வழக்கம் அது. பாம்பு மாதிரி இருப்பதால் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"இன்னாம்மா, நீயும் அவங்களாட்டமே சொல்ற?" என்றார் அந்த அம்மா. "சீயமங்கலம் போற வழியில ஒரு ஊருல நாலஞ்சு வீடு இருக்குது. இந்தக் காய அவங்க வாசப்படி ஏத்த மாட்டாங்க."

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம்.

அந்த ஊரில் ரோட்டோரமாக, எங்கள் பக்கத்தில் மணிலாக்கொட்டை என்று சொல்லும் வேர்க்கடலையைக் காயவைத்துக்கொண்டிருந்தார் ஒருவர். அறுபது வயதிருக்கும். எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசிப்பதற்குள் அக்கா நேராகக் கேட்டுவிட்டாள்.

"நீங்க புடலங்காய் சாப்புடுவீங்களா?"

அவர் கையிலிருந்த கொட்டையைக் கீழே போட்டுவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "செஞ்சிக்குப் போனவரு வீட்டு ஆளுங்களா நீங்க?"

 நாங்கள் அவர்களை அடியோடு மறந்திருந்தோம். அவர்களோ முகம் தெரியாத ஒருவரை இத்தனை காலமாக 'செஞ்சிக்குப் போனவர்' என்று பேச்சில் வைத்திருந்தார்கள்.

ஐந்து நிமிடத்தில் நாலு வீடும் எங்களைச் சுற்றி நின்றது. கதை வெளியே வந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேர், பக்கத்துப் பக்கத்து வீடு. தம்பி போட்ட புடலம்பந்தல் அண்ணன் வீட்டுப் பக்கம் படர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் தொங்கும் காய் யாருக்கு என்று சண்டை. அண்ணன் பந்தலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளையோடு செஞ்சிக்கு நடந்துவிட்டார். இனி அந்தக் காயைத் தொடுவதில்லை என்று அங்கே அவர் ஒரு சத்தியம். இங்கே தம்பியும் ஒரு சத்தியம்.

"பந்தலப் பிச்சது உங்க ஆளுதான்" என்றார் அந்த அறுபது வயதுக்காரர், நேற்று நடந்தது போல.

"அவருக்காக நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்" என்றாள் அக்கா.

"அதெல்லாம் ஒத்துக்க முடியாது. சாப்ட்டுட்டுதான் போவணும்."

பிறகு விரல் விட்டுத் தலைமுறையை எண்ணினார். எண்ணி முடித்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "முறைப்படி பாத்தா நீங்க எனக்கு சித்தப்பா." எனக்கு முப்பத்து நான்கு வயது. அவருக்குப் பேரன்கள் இருந்தார்கள். ஆனால் அதன் பிறகு அவர் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டார், சிரிக்காமல்.

சாப்பாடு ஆனதும் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். புங்கமரத்தடியில் முழங்கால் உயரக் கல், மஞ்சள் பூசியிருந்தது. தொட்டேன். எண்ணெய் ஏறி வழவழவென்றிருந்தது. எத்தனை கை பட்டால் கல் இப்படி ஆகும்! அந்தக் கைகளில் ஒன்றின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அத்தனை பேரும் ஒவ்வொரு ஊரிலிருந்து பெண் எடுத்திருப்பார்கள். வந்தவளின் அம்மா இன்னோர் ஊரிலிருந்து வந்திருப்பாள். இப்படிப் பார்த்தால் பஸ்ஸில் தாண்டி வந்த ஊரெல்லாம் எனக்குச் சொந்த ஊர்தான். அவர்களும் அற்பத்துக்குச் சண்டை போட்டிருக்கிறார்கள், குழந்தைக்கு மொட்டை போட அலைந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் செத்துப்போனவர்களாகவே தோன்றவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசி" என்றாள்.

அடுத்த மாதம் வேன் வைத்துக்கொண்டு எல்லோரும் போனோம். தாய்மாமனான என் மச்சான் மடியில் உட்காரவைத்ததும் என் மகள் ஏரிக்கரை அதிரக் கத்தினாள். ஒருவர் தட்டைத் தட்டினார், ஒருவர் சாவிக்கொத்தை ஆட்டினார், நான்கு பேர் காக்கா மாதிரி கத்தினார்கள். ஒரு மாதத்துக்கு முன் யாரென்றே தெரியாத நாற்பது பேர்! அந்த அறுபது வயதுக்காரர் குனிந்து, "அழாத தங்கச்சி, அண்ணன் இருக்கறேன்ல" என்றார். அதுவும் முறைதான்.

நைனா கல்லின் முன் நெடுநேரம் நின்றிருந்தார். வேனில் ஏறியபோது சட்டைப்பை நிறைய மணிலாக்கொட்டை. வழியெல்லாம் உடைத்து உடைத்து, பேத்தியின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே எங்களுக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார்.